ஒரு சாண் மிச்சம் வைக்கும் திருடன்

காலை 6.05.

டீச்சர் மழைத்தொட்டியின் பூட்டைத் திறந்து, மூடியைத் தூக்கி, அளவுகோலை உள்ளே விட்டார். கோல் அடியில் போய் டொக்கென்று முட்டியது. வெளியே எடுத்துப் பார்த்தார். ஒரு சாண் மட்டும் நனைந்திருந்தது.

நேற்றுக் காலை இதே கோல் கழுத்துவரை நனைந்து வந்தது. அதற்குமேல் நேற்று மாலை ஊரே மிதக்கிற மாதிரி மழை வேறு. ஆயிரத்தைந்நூறு லிட்டர் பிடிக்கிற தொட்டி. மூடிக்கு ஒரு பூட்டு. தொட்டியின் அடியில் தண்ணீர் பிடிக்கிற குழாய்க்கு இரும்புப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு. இரண்டு சாவியும் டீச்சரின் இடுப்பில். பூட்டுகள் போட்டது போட்டபடி இருந்தன. சுற்றியிருந்த ஈர மண்ணில் பூனைக்கால் தடம்கூட இல்லை.

"ஏங்க!"

அந்தச் சத்தத்தில் அவர் கணவர் வாயில் பற்பசை நுரையோடு ஓடிவந்தார்.

"மறுபடியுமா?"

"மறுபடியும்தான். போன வாரம் மாதிரியே ஒரு சாண் மிச்சம். பெரிய மனசு பண்ணி விட்டுட்டுப் போயிருக்காங்க!"

டீச்சரின் கண் பக்கத்து மதிலுக்குப் போனது. அந்தப் பக்கம் லாண்டரி. லாண்டரி மாடியிலிருந்து ஒரு நீல ட்யூப் மதிலைத் தாண்டி இந்தப் பக்கம் தலையை நீட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

6.20-க்குள் தெருவுக்கே செய்தி போய்விட்டது. முப்பது வருஷம் மைக் இல்லாமல் பாடம் எடுத்த குரல் அது.

"என் தண்ணிய உறிஞ்சிட்டுப் போனது யாருன்னு இந்தத் தெருவுக்கே தெரியும்! ட்யூபை மறைக்கக்கூட நேரமில்லாம ஓடியிருக்காங்க!"

மதிலுக்கு அப்பாலிருந்து லாண்டரியம்மா பதில் கொடுத்தாள்.

"டீச்சர்! என் தொட்டியே வழிஞ்சு கிடக்கு. உங்க தண்ணிய எடுத்து நான் எங்க ஊத்துறது, என் தலையிலயா?"

"அதை நகர்மன்ற இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு. பதினோரு மணிக்கு வர்றார்."

லாண்டரியம்மா கடைக்குள் போய்விட்டாள்.

போகக் காரணம் இருந்தது. அந்த ஊரில் வீட்டில் மழைத்தொட்டி வைக்க நகர்மன்றத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் பன்னிரண்டு விதி. தொட்டி நிரம்பினால் வழிகிற தண்ணீர் தெருவுக்கு வரக்கூடாது, வீட்டுக்குள்ளேயே கல் நிரப்பிய குழியில் இறங்கவேண்டும் என்று ஒரு விதி. கொசு நுழைகிற வாய் எதுவும் திறந்து கிடக்கக் கூடாது என்று இன்னொரு விதி. லாண்டரியம்மாவை உள்ளே விரட்டியது ஒன்பதாவது விதி. அடுத்தவர் தொட்டியில் தண்ணீர் எடுத்தது உறுதியானால், எடுத்தவரின் சீட்டு இரண்டு வருஷத்துக்கு ரத்து. அவர் தொட்டிக்கு முத்திரை.

ஊர்க்குழாயில் வருவது உப்புத் தண்ணீர். எவ்வளவு சோப்பு போட்டாலும் நுரைக்காது, வெள்ளைத் துணி பழுத்துப்போகும். மழைத்தண்ணீர் இருந்ததால்தான் லாண்டரியம்மாவுக்கு ஆஸ்பத்திரி விரிப்புகள் வந்துகொண்டிருந்தன. தொட்டிக்கு முத்திரை விழுந்தால் விரிப்பு போகும். விரிப்பு போனால் கடை போகும். அவள் அன்று காலை மெஷினைப் போடவே இல்லை. அழுக்கு மூட்டைமேல் உட்கார்ந்து மணி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலை 8.10.

டீச்சர் வீட்டுக் கேட்டைத் தள்ளிக்கொண்டு தவளையக்கா வந்தாள். ஊரில் பாதித் தொட்டிகளைக் கழுவுவது அவள்தான். ஐம்பது வயது, மூங்கில் மாதிரி உடம்பு. அடுத்தவர் தலைகூட நுழையத் தயங்கும் வாய்க்குள் கையைத் தூக்கிக்கொண்டு சட்டென்று இறங்கிவிடுவாள். எப்போதும் தண்ணீர்த் தொட்டிக்குள்ளிருந்து குரல் வருவதால் அந்தப் பெயர். கூப்பிட்டால் கோபித்துக்கொள்ள மாட்டாள். 'க்ராக்' என்று பதில் கொடுப்பாள்.

"எப்படியும் காலியாத்தான் கிடக்கு. இன்ஸ்பெக்டர் வர்றதுக்குள்ள கழுவி விட்டுரு," என்றார் டீச்சர்.

தவளையக்கா கைவிளக்கையும் சுரண்டியையும் எடுத்துக்கொண்டு உள்ளே இறங்கினாள். இறங்கியதும் தேய்க்கத் தொடங்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. முதலில் குந்தி உட்கார்ந்து நாலு பக்கமும் பார்ப்பாள். முட்டி வலிக்கு அது ஓய்வு. கண்ணுக்கு அது வேலை. இப்படிப் பார்த்துத்தான் இதுவரை இரண்டு மோதிரம், ஒரு பல்செட், ஒரு மாப்பிள்ளை மாமியாருக்குத் தெரியாமல் ஒளித்துவைத்த சீட்டுக்கட்டு எல்லாம் கண்டுபிடித்திருக்கிறாள்.

விளக்கை அடியில் காட்டினாள். ஒரு சாண் தண்ணீருக்குக் கீழே மாவு தூவியது போல வண்டல். ஒரே சீராக, யாரும் கலக்காத வண்டல். ஓரிடத்தில் மட்டும் சோற்றுத்தட்டு அகலத்துக்கு வட்டமாக வெறும் தரை. துடைத்து எடுத்த மாதிரி சுத்தம்.

வட்டத்துக்கு நேர் மேலே பார்த்தாள். வழிநீர்க் குழாய். தொட்டியின் தோளில் வெளியிலிருந்து நுழைந்து, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, நேராகக் கீழே இறங்கி, தரைக்கு ஒரு சாண் மேலே வாயைத் திறந்துகொண்டு நின்றது. வளைவின் உச்சியில், நெற்றியில் வைத்த பொட்டு மாதிரி, கொஞ்சம் வெள்ளைப் பசை.

"டீச்சர்! இந்தக் குழாய் என்னத்துக்கு அடிவரைக்கும் இறங்குது?"

"நிரம்பி வழியிறப்ப மேலே இருக்கிற நல்ல தண்ணி போயிடக் கூடாதாம். அடியில கிடக்கிற கசடு போகணும்னு பிளம்பர் அப்படி வச்சான். கெட்டிக்காரப் பையன். ஊரை விட்டே போயிட்டான்."

"வெளிய எங்க போகுது?"

"அந்தச் சிமெண்டு மூடிக்குக் கீழ இருக்கிற கல்லுக்குழிக்கு. விதிப்படி."

தவளையக்கா தொட்டியிலிருந்து வெளியே வந்தாள். சுரண்டி நனையவில்லை.

"கழுவலையா?"

"திருட்டு நடந்த இடத்தைக் கழுவலாமா டீச்சர்?"

"திருடிதான் யாருன்னு தெரியுமே!"

"தெரியும்னா சரி. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூட்டை உடைக்காம ஆயிரத்துச் சொச்சம் லிட்டரை எடுக்கிற கெட்டிக்காரி, கடைசி ஒரு சாணை ஏன் விட்டுட்டுப் போறா? போன தடவையும் ஒரு சாண். அவ என்ன, கோல் வச்சா திருடுறா?"

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

காலை 8.50.

"நோட்டு இருக்குமே உங்ககிட்ட?"

இருந்தது. தொட்டிக்கென்றே தனி நோட்டு, கோடு போட்டு, தேதி போட்டு. முதல் பக்கத்தில் சென்ற முறை சோதனைக்கு வந்தபோது இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த குறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. டீச்சர் பெருமையாக வாசித்தார்.

"மூணாம் தேதி. மூணு குறை. மூடிக்குப் பூட்டு இல்லை. அன்னிக்கே வாங்கிப் போட்டேன். அடிக்குழாய் திறந்து கிடக்கு, பெட்டி போட்டேன். குழாயில வலையில்லாத துளை ஒண்ணு, கொசு போகும், மூடவும்; மூடிட்டேன். ஒரே நாள்ல மூணும். இந்தத் தெருவுல வேற யாராவது செஞ்சிருப்பாங்களா?"

"செஞ்சிருக்க மாட்டாங்க. அதுக்கு முன்னாடி எப்பவாவது தண்ணி காணாமப் போயிருக்கா?"

"ரெண்டு வருஷத்துல ஒருநாள்கூட இல்ல. அப்ப பூட்டே கிடையாது."

"ஓகோ. பூட்டுப் போட்ட பிறகுதான் திருடனுக்கு ஆசை வந்திருக்கு. மேல படிங்க."

"ஆறு, ஏழு தூறல். எட்டாம் தேதி காலை தொட்டி நிறைஞ்சு லேசா வழிஞ்சது. ஒன்பதாம் தேதி காலையும் நிறையத்தான். அன்னிக்குச் சாயங்காலம் பேய்மழை. பத்தாம் தேதி காலை ஒரு சாண். அப்புறம் தினமும் தூறல். பதினஞ்சு, பதினாறு காலை நிறைஞ்சிருக்கு. நேத்துச் சாயங்காலம் பேய்மழை. இன்னிக்கு ஒரு சாண்."

"தூறல் போட்டு நிறைஞ்சு நின்னப்ப திருடன் வரல."

"வரல."

"ஊரெல்லாம் தொட்டி வழியிற அன்னிக்கு மட்டும் வர்றான்."

டீச்சர் நோட்டை மூடினார். "நீ என்ன, அவளுக்கு வக்கீலா?"

"நான் தொட்டி கழுவுறவ டீச்சர். அடியில என்ன கிடக்குன்னு தெரியாம மேல தேச்சுட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது."

காலை 9.20.

டீச்சரின் கணவர் மாடியில் பூந்தொட்டிகளுக்கு நடுவே இருந்தார். தவளையக்கா படியேறி வருவதைப் பார்த்ததுமே இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"நான் எடுக்கல. செடிக்குக்கூட ஊர்க்குழாய்த் தண்ணிதான் ஊத்துறேன். சாவியை நான் கையால தொட்டே ஒரு மாசம் ஆச்சு."

"உங்கள யாரு கேட்டா சார்?"

"அவ கேட்டா. காலையில ரெண்டு தடவை."

"நேத்து மழையப்ப எங்க இருந்தீங்க?"

"இங்கதான், இந்த ஷெட்டுக்குள்ள. அவ கீழ படுத்திருந்தா. மழை விடுறப்ப ஒரு சத்தம் கேட்டுச்சு. யாரோ செம்பைக் கவுத்து மடக்மடக்குனு குடிக்கிற மாதிரி. பத்து நிமிஷம் இருக்கும். கடைசியில..." அவர் குரலைத் தாழ்த்தினார். "கடைசியில ஒரு ஏப்பம்."

"ஏப்பமா?"

"நல்லா வயிறு நிறைஞ்ச ஏப்பம். லாண்டரி மெஷின்னு நெனச்சு விட்டுட்டேன்."

"டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"ஏப்பம் கேட்டுச்சுன்னு அவகிட்ட எப்படிம்மா சொல்றது? என்னைத்தான் சொல்லுவா."

காலை 9.45.

லாண்டரியம்மா மூட்டைமேலிருந்து எழுந்திருக்கவில்லை.

"நீயும் விசாரிக்க வந்துட்டியாக்கா? வா. கையில விலங்கு இருக்கா?"

"விலங்கு இல்ல, சுரண்டிதான் இருக்கு. அந்த ட்யூப் எப்படி அங்க போச்சு?"

"போன மாசம் மாடியில தேங்கின தண்ணிய இறக்கப் போட்டேன். கம்பியில சுருட்டி மாட்டியிருந்தேன். நேத்துக் காத்து அவுத்துத் தள்ளிடுச்சு. சத்தியமா அவ்வளவுதான்."

"நேத்து மழையப்ப மெஷின் ஓடுச்சா?"

"கரண்ட் எங்க இருந்துச்சு? மழை பிடிச்சதும் போனது, விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்துச்சு. தெருவையே கேளு." அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "அக்கா, இதைக் கேளு. மழை நாள்ல எனக்குத் துணியே காயாது. துவைச்சு எங்க போடுறது? வெயில் அடிக்கிற நாள்ல என்னைத் திருடின்னு சொன்னாலாவது ஒரு நியாயம் இருக்கு!"

தவளையக்கா மாடிக்குப் போய் ட்யூபை இழுத்துப் பார்த்தாள். அதன் வாயில் விளக்கடித்தாள். உள்ளே ஒரு சிலந்தி வலை கட்டி, நடுவில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தது. வலையில் பழைய கொசு நாலைந்து காய்ந்து தொங்கின.

"நீ சாட்சி சொல்ல வர்றியா?" என்று சிலந்தியைக் கேட்டுவிட்டு ட்யூபை அப்படியே மெல்ல வைத்தாள்.

காலை 11.00.

மழை இன்ஸ்பெக்டர் வந்தார். முப்பது வயது இருக்கும். நகர்மன்ற முத்திரை போட்ட பை, புது பேனா, கண்டிப்பான முகம். வாசலில் டீச்சரைக் கண்டதும் அந்த முகத்தில் கண்டிப்பு மட்டும் கழன்று விழுந்தது. ஏழாம் வகுப்பில் அவருக்குக் கணக்குப் பாடம் எடுத்தது இந்த டீச்சர்தான்.

"செருப்பை வெளிய விடு," என்றார் டீச்சர். விட்டார்.

புகாரைக் கேட்டார். பூட்டுகளைப் பார்த்தார். ட்யூபைப் பார்த்தார். வரவழைத்து நிறுத்தியிருந்த லாண்டரியம்மாவைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"சார், அதை மூடுங்க," என்றாள் தவளையக்கா.

"நீங்க யாரு?"

"இந்தத் தொட்டிக்கு உள்ள போய் வந்த ஒரே ஆளு. ட்யூபுக்குள்ள சிலந்தி குடித்தனம் பண்ணுது சார். தண்ணி போயிருந்தா அதை இந்நேரம் அடிச்சுக்கிட்டுப் போயிருக்கும்."

"வேற ட்யூப் இருக்கலாமே," என்றார் டீச்சர்.

"இருக்கலாம். அதனாலதான் சாயங்காலம் வரைக்கும் பொறுக்கச் சொல்றேன். வானத்தைப் பாருங்க."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வடக்கு மூலை தோசைக்கல் நிறத்தில் இருந்தது.

"இன்னிக்குப் பேய்மழை இருக்கு. திருடன் வருவான். சந்தேகப்படுற அத்தனை பேரும் இங்கயே ஒண்ணா உக்காருங்க. ரெண்டு சாவியும் சார் பையில இருக்கட்டும். திருடன் வந்து கையும் களவுமா மாட்டலைன்னா, நீங்க இவ சீட்டை ரத்து பண்ணுங்க. கூடவே நான் இந்தத் தெருவுல தொட்டி கழுவுறதையும் விட்டுடுறேன்."

லாண்டரியம்மா அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நீ ஏன்..."

"சும்மா இரு. முட்டி வலிக்குது, ஓய்வு கிடைச்சா நல்லதுதானே."

இன்ஸ்பெக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தலையசைத்தார். பேனா மூடப்பட்டது.

பிற்பகல் 2.55.

போர்டிகோவில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரும் லாண்டரியம்மாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஆனால் ஆளுக்கொரு திசை பார்த்தார்கள். டீச்சரின் கணவர் எல்லோருக்கும் டீ கொண்டுவந்தார்.

"டீயில சர்க்கரையே இல்ல," என்றாள் லாண்டரியம்மா சுவரைப் பார்த்து.

"அளவாப் போட்டிருக்கு," என்றார் டீச்சர் கேட்டைப் பார்த்து.

முதல் துளி நாணயம் விழுந்த மாதிரி தகரத்தில் விழுந்தது. அடுத்த நிமிஷம் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. கூரை முழுக்க ஓடி வந்த தண்ணீர் குழாயில் திரண்டு தொட்டிக்குள் இடிபோல இறங்கியது. தெரு ஆறானது. இன்ஸ்பெக்டரின் செருப்பில் ஒன்று வாசலிலிருந்து கிளம்பிப் பயணம் போனது. அதை லாண்டரியம்மா காலை நீட்டி நிறுத்தப் பார்த்தாள், அது நழுவிப் போய்விட்டது.

3.40.

தொட்டிக்குள் இடிச் சத்தம் குறைந்து, கனத்து, நிரம்பியதற்கான சத்தமாக மாறியது. பிறகு அதற்குள்ளிருந்து வேறொன்று கிளம்பியது. மடக். மடக். மடக்மடக்மடக்.

"இதேதான்!" டீச்சரின் கணவர் துள்ளி எழுந்தார். "நேத்துக் கேட்டது இதேதான்! அவன் வந்துட்டான்!"

"எல்லாரும் வாங்க. ஓடாதீங்க, வழுக்கும்," என்றாள் தவளையக்கா.

ஐந்து பேரும் மூன்று குடையில் தொட்டியைச் சூழ்ந்தார்கள். மழை, யாரோ குழாயைத் திருகி மூடின மாதிரி, சட்டென்று நின்றது. பூட்டுகள் இரண்டும் பூட்டியபடி இருந்தன. இன்ஸ்பெக்டர் சாவி போட்டு மூடியைத் திறந்தார். டீச்சர் கோலை விட்டார்.

"விளிம்புக்கு ஒரு சாண் கீழ."

மறுபடி விட்டார். "ஒண்ணரைச் சாண்."

இன்னொரு முறை. "ரெண்டு..." டீச்சரின் குரல் இறங்கியது. "இறங்குதே! எடுக்கிற ஆளைக் காணோமே!"

லாண்டரியம்மா இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினாள். "நான் இங்கதான் இருக்கேன் டீச்சர். நல்லாப் பாத்துக்கோங்க."

"போதும், பாதித் தொட்டியாவது மிஞ்சட்டும்," என்றாள் தவளையக்கா. தொட்டி வாய்க்குள் தோள்வரை கையை விட்டு, குழாய் வளைவின் உச்சியில் இருந்த வெள்ளைப் பொட்டைச் சுரண்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பெயர்த்தாள்.

உஸ்ஸ்ஸ்.

காற்று உள்ளே ஓடியது. மடக்மடக் சத்தம் தடுமாறி, ஒரு நீண்ட ஏப்பம் விட்டு, அடங்கியது. டீச்சர் கோலை விட்டார். பாதித் தொட்டி. நூறு எண்ணிவிட்டு மறுபடி விட்டார். அதே பாதி.

கூரையிலிருந்து கடைசிச் சொட்டுகள் மட்டும் விழுந்துகொண்டிருந்தன.

"மண்ணெண்ணெய் டின்னுல ட்யூபை விட்டு ஒரு உறிஞ்சு உறிஞ்சி, மறுமுனையைக் கீழ போட்டா என்ன ஆகும் சார்?" என்று கேட்டாள் தவளையக்கா.

"டின் காலியாகிற வரைக்கும் தானா வந்துக்கிட்டே இருக்கும்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நடுவுல நிறுத்தணும்னா?"

"ட்யூபுக்குள்ள காத்து போகணும்."

"இந்தக் குழாயும் அதே ட்யூப்தான். ஒரு வாய் தொட்டி அடியில, ஒரு வாய் அதைவிடக் கீழ, குழியில. தூறல்ல தொட்டி நிறைஞ்சா ஓரமா ஒழுகும், குழாய் நிறையாது, ஒண்ணும் ஆகாது. பேய்மழையில குழாய் முழுக்க நிறைஞ்சு ஓடும். அதுதான் உறிஞ்சு. ஒருதடவை பிடிச்சா விடாது. உள்வாய்க்குத் தண்ணி எட்டாமப் போற வரைக்கும் இழுக்கும். உள்வாய் எங்க இருக்கு? தரைக்கு ஒரு சாண் மேல. அதான் ரெண்டு தடவையும் ஒரு சாண் மிச்சம். கடைசியில காத்தை இழுத்துக்கிட்டு ஒரு ஏப்பம். சார் காது தப்பாக் கேக்கல."

டீச்சரின் கணவர் நிமிர்ந்து நின்றார்.

"வண்டல்ல கால் வச்சவன் இல்ல, வாளி போட்டவன் இல்ல. குழாய் வாய்க்கு நேர் கீழ மட்டும் தட்டளவுக்கு இழுத்துச் சுத்தமா இருந்துச்சு. வெளிய தரையும் ஏன் காட்டிக்கொடுக்கலைன்னா, போன தண்ணியெல்லாம் விதிப்படி மூடின குழிக்குள்ள இறங்கிடுச்சு. பிளம்பர் பையனுக்கு இதெல்லாம் தெரியும். அதான் வளைவு உச்சியில ஒரு துளை போட்டு வச்சான், காத்து போறதுக்கு. ரெண்டு வருஷமா அந்தத் துளைதான் உங்க தொட்டிக்குக் காவல். மத்த ரெண்டும் வெறும் பூட்டு. மூணாம் தேதி அந்தக் காவல்காரன் வாயில பசையை வச்சு அடைச்சது யாரோ, அவங்கதான் டீச்சர், திருடி."

டீச்சரின் கையிலிருந்த கோல் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"நான்தான்," என்றார் மெதுவாக. "நாற்காலி போட்டு ஏறி, நானே அடைச்சேன்."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். முகம் ஏழாம் வகுப்புக்குப் போயிருந்தது. "டீச்சர்... மூடச் சொல்லி எழுதினது நான். எதுக்கு அந்தத் துளைன்னு கேட்டிருக்கணும். கேக்கல."

"நீ கேக்கல. நானும் யோசிக்கல. கணக்கு டீச்சர்!" டீச்சர் தலையில் தட்டிக்கொண்டார். "ஒரு சாண் ஒரு சாண்னு நோட்டுல ரெண்டு தடவை எழுதியிருக்கேன். விடை கண்ணு முன்னாடி இருக்கு, நான் மதிலுக்கு அந்தப் பக்கம் தேடிக்கிட்டிருந்தேன்."

"ஆனா விதிப்படி துளை திறந்து இருக்கக் கூடாதே," என்றார் இன்ஸ்பெக்டர் பயந்தபடி.

"துளைய அடைக்காதீங்க, வலை கட்டுங்க. கொசு போகாது, காத்து போகும்." தவளையக்கா பையிலிருந்து விரலளவு நைலான் வலையைக் கிழித்து, துளைமேல் வைத்து நூலால் இறுக்கினாள். ஒரு நிமிஷ வேலை.

இன்ஸ்பெக்டர் படிவத்தை விரித்தார். "தண்ணீர் எடுத்தவர்னு ஒரு கட்டம் இருக்கு டீச்சர். புகார் பதிவாயிடுச்சு, காலியா விட முடியாது."

"ஏன் காலியா விடணும்? புகார் கொடுத்தவரேன்னு எழுது. கையெழுத்துப் புரியிற மாதிரி எழுது."

"அப்ப இவங்க சீட்டு ரத்தா?" லாண்டரியம்மா ஆசையாகக் கேட்டாள்.

"விதியில அடுத்தவர் தொட்டின்னு இருக்கு. சொந்தத் தொட்டியில திருடினா தண்டனை இல்ல."

"சே!" என்றாள் லாண்டரியம்மா. பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. காலையிலிருந்து வயிற்றுக்குள் கிடந்த பயமெல்லாம் சிரிப்பாகக் குலுங்கி வெளியே வந்தது. டீச்சரின் கணவரும் சேர்ந்துகொண்டார், குடையைப் பிடித்தபடியே.

டீச்சர் சிரிக்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு கேட்டைத் திறந்து தெரு நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேளுங்க! காலையில நான் இந்த இடத்துல நின்னு சொன்னது தப்பு. லாண்டரியம்மா ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கல. என் தொட்டியைக் காலி பண்ணினது நான்தான்!"

ஜன்னல்கள் திறந்தன. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: "டீச்சர், கடைசி பெஞ்சுக்குக் கேக்கல!"

டீச்சர் இன்னும் சத்தமாகச் சொன்னார். தெருக்கோடி வரை போய் அங்கே நின்று மூன்றாம் முறையும் சொன்னார். லாண்டரியம்மா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"போதும் டீச்சர், தொண்டை போயிடும்."

"போகட்டும். காலையில இதைவிடச் சத்தமா சொன்னேன்."

மாலை 5.10.

மழையில் போன கரண்ட் வந்தது. லாண்டரியில் மெஷின் சுழன்றது. ஆஸ்பத்திரி விரிப்புகள் வெள்ளை நுரையில் புரண்டுகொண்டிருந்தன. தவளையக்கா அழுக்கு மூட்டைமேல் கால் நீட்டி உட்கார்ந்து, சர்க்கரை போட்ட டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் நிழல் ஆடியது. மழையில் தொப்பலாக நனைந்த இரண்டு ஜன்னல் திரையைக் கையில் தொங்கவிட்டபடி டீச்சர் நின்றிருந்தார்.

"இதை வெளுத்துத் தர முடியுமா? உன் தண்ணியில."

லாண்டரியம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவருக்கு முன்னால் எதிர்வீட்டுக்காரர் ஒருவரும், ஒரு செருப்போடு இன்ஸ்பெக்டரும் நனைந்த துணியோடு நின்றிருந்தார்கள்.

"தரேன். வரிசையில நில்லுங்க டீச்சர்."

டீச்சர் போய் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றார்.